சத்தம் மட்டும்

காலை ஒன்பதரையிலிருந்து
பதினாறு சதுரங்களில் ஜனங்களைப் பார்ப்பது என் உத்தியோகம்.
தி.நகரில் ஐந்து மாடி ஜவுளிக்கடை,
அதன் அடித்தளத்தில் ஜன்னலில்லாத அறை.
நாலாம் சதுரம் பட்டு. பதினொன்றாம் சதுரம் லிஃப்ட்.
ஜாக்கெட் துணிக்காக ஒரு அம்மாவும் மகளும் சண்டை போடுகிறார்கள்,
வாய் மட்டும் அசைகிறது.
ஒரு குழந்தை தடுக்கி விழுந்து அழுகிறது
தொட்டிக்குள் மீன் அழுவதுபோல.
ஐந்து வருஷத்தில் ஒருவர் குரலையும் கேட்டதில்லை.

ஆகவே டிவி போனபோது எனக்கு வருத்தம் வரவில்லை.
பேனல் கிராக், பதினெட்டாயிரம் ஆகும்,
அதுக்குப் புதுசே வாங்கிடலாம் என்றான் மெக்கானிக்.
கழற்றி எடுத்துப்போனபின்
சுவரில் நாலு ஓட்டை, அழுக்குப்படாத ஒரு செவ்வகம்.
மிச்சம் இருந்தது பாட்டு வருகிற ஸ்டிக்,
பெர்னடிக் மஸ்கட் போகும்போது விட்டுப்போன ஆம்ப்ளிஃபயர்.
அதன் முதுகில் இரண்டே துளைகள்,
ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை.
ஸ்டிக்கின் மூக்கு எதிலும் நுழையாது.

சனிக்கிழமை ரிச்சி தெரு.
இதாயத்துல்லா கடையில் ஒருவர் நின்றால்
அடுத்தவர் படிக்கட்டில் நிற்கவேண்டும்.
எச்டிஎம்ஐ-யிலிருந்து ஆடியோவைப் பிரிக்கிற பெட்டி என்றேன்.
மூன்றை எடுத்து வைத்தார்.

அறுநூற்றைம்பது. பிளாஸ்டிக். கையில் வைத்தால் கனமே இல்லை.
“பாட்டு நிக்கிற எடத்துல உஸ்ஸுனு கேக்கும்க்கா,
சைலன்ஸ் புடிக்கும்னா இது வேணாம்.”

ஆயிரத்து நானூறு. இரும்பு உடம்பு,
விலாவில் எறும்பளவு ஒரு சுவிட்ச்.
“ரெண்டுல வைங்க. அஞ்சுல வெச்சா
பாடுறவங்க கொரல நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிடும்.
ஒங்ககிட்ட நடு ஸ்பீக்கர் ஏது?”

மூவாயிரத்து இருநூறைத் தொடக்கூட இல்லை நான்.
“அது படத்துக்கு. ஃபோர்-கே.”
படம் வேண்டாம்.
“படமே வேணாமா?”

கைவேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.
“டிவி இல்லாம ஸ்டிக்கு வாயத் தொறக்காதுக்கா.
எதுக்க தெர இருக்கான்னு மொதல்ல கேக்கும்.”
இழுப்பறையைத் துழாவி
கட்டைவிரல் நகம் அளவுக்கு எதையோ எடுத்தார். டம்மி.
“பொட்டியோட அந்தப் பக்கம் சொருகுங்க.
இருக்கேன், பாத்துக்கினுதான் இருக்கேன்னு
சும்மாவே சொல்லிக்கினு இருக்கும்.”

எனக்குத் தெரிந்த வேலைதான்.
எங்கள் மூன்றாம் மாடியில் ஒரு கேமரா
ஆறு மாதமாகச் செத்துக் கிடக்கிறது.
சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது.
அதன் கீழே எல்லோரும் ஒழுங்காகத்தான் நடக்கிறார்கள்.

இரண்டும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு,
ஐம்பது குறைத்தார்.
சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறி
பெருங்குடி வரை
பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

ஸ்டிக், பெட்டி, பொய் சொல்லும் நகம்.
சுவிட்ச் இரண்டில்.
பெட்டியின் நீல விளக்கு அறையையே ஆஸ்பத்திரி ஆக்கியது.
நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து
அதன்மேல் ஒட்டினேன்.
போனிலிருந்து ஒரு பாட்டைத் தள்ளிவிட்டேன்.

ஒன்றுமில்லை.
இன்னும் ஒன்றுமில்லை.
பிறகு, பாட்டு வரும் முன்னால்,
பாடப்போகிறவள் மூச்சை இழுக்கிற சத்தம்.

எதிரே வெறும் சுவர்.
நாலாம் சதுரத்து அம்மா ஞாபகம் வந்தாள்.
அவளுக்குக் கட்டைக்குரலா, கீச்சா?
ஜாக்கெட் துணி கடைசியில் என்ன நிறம் எடுத்தார்கள் என்று தெரியும்.
அது மட்டும்தான் தெரியும்.

ஹெட்போனில் எப்போதும் வலது காதில் கேட்ட தபேலா
இப்போது இடதில், சமையலறைப் பக்கமிருந்து வருகிறது.
சிவப்பையும் வெள்ளையையும் மாற்றிச் சொருகிவிட்டேன் போல.
எழுந்து மாற்ற ஒரு நிமிஷம் ஆகாது.
கேஸ் அடுப்புக்கும் பால் பாத்திரத்துக்கும் நடுவில்
யாரோ உட்கார்ந்து வாசிக்கிறார்.
வாசிக்கட்டும்.